கடைசியாகச் சாப்பிட்டது

மெட்டி மட்டும் வரமாட்டேன் என்கிறது. வலது கால் விரலில் இருந்தது சோப்பு போட்டதும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது, இடது காலில் இருப்பது சதைக்குள் புதைந்து கிடக்கிறது, கோகிலவாணி குனிந்து திருகிக்கொண்டிருக்கிறாள், வலிச்சாச் சொல்லுங்கக்கா என்கிறாள், வலிக்கல கண்ணு என்கிறேன், வலிக்கிறது. இந்த நர்ஸ் பெண்ணுக்கு என் மகள் பிரதீபா வயசுதான் இருக்கும், இருபத்து மூணு, இருபத்து நாலு, உடுப்பின் தோள்பட்டையில் பொத்தானுக்குப் பதிலாக ஊக்கு குத்தியிருக்கிறாள். வந்துருச்சு என்று அவள் நிமிரும்போது என் விரலைச் சுற்றி வெள்ளையாய் ஒரு வளையம், இருபத்தேழு வருஷம் வெயில் படாத தோல், அதைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது. தோடு, மூக்குத்தி, வளையல் எல்லாம் ஒரு காகிதக் கவரில் போய்விட்டன, மேலே கலாமணி, வயது 49, பித்தப்பை என்று எழுதியாகிவிட்டது. பல்லு ஏதாச்சும் ஆடுதாக்கா? இல்லை. கட்டின பல்லு? இல்லை. நகத்துல சாயம்? அங்கன்வாடி டீச்சருக்கு எங்க கண்ணு சாயம் என்கிறேன், சிரிக்கிறாள். சிரித்துக்கொண்டே கையிலிருக்கும் அட்டையைப் பார்த்து அந்தக் கேள்வியையும் கேட்டுவிடுகிறாள். கடைசியா எப்பங்க்கா சாப்ட்டீங்க, என்ன சாப்ட்டீங்க? நேத்து ராத்திரி எட்டு மணிக்கு, ரெண்டு இட்லி, தொட்டுக்கச் சர்க்கரை. தண்ணி காலையில ஆறு மணிக்கு, அரை டம்ளர், பிரஷர் மாத்திரையோட. அப்புறம் ஒண்ணும் இல்லை. மனப்பாடமாகச் சொல்கிறேன், இது ஐந்தாவது தடவை. வாசலில் கேட்டார்கள், வார்டில் கேட்டார்கள், ட்யூட்டி டாக்டர் கேட்டார், சலைன் குத்தியவள் கேட்டாள். எத்தனை பேர் கேட்கிறார்கள். எத்தனை பேர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

சக்கரக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்து தியேட்டருக்கு வெளியே இந்தச் சின்ன அறையில் விட்டுவிட்டார்கள். முன்னாடி ஒரு கேஸ் ஓடுது, முடிஞ்சதும் நீங்கதான் என்று சொல்லிவிட்டுக் கோகிலவாணி போய்விட்டாள். பச்சைத் திரை, அதற்கு அந்தப்பக்கம் கதவு, கதவுக்கு அந்தப்பக்கம் பாத்திரத்தில் பாத்திரம் படுகிற மாதிரி ஒரு சத்தம், யாரோ ஒரு ஆண் குரல் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசுகிறது. பேசட்டும். வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டு வேலை செய்கிறவர்களுக்குக் கை நன்றாக ஓடும், எனக்கும் அப்படித்தான், அங்கன்வாடியில் முட்டை உரிக்கும்போது ஆயா சரசாளோடு பேசிக்கொண்டே உரித்தால் ஒன்றுகூடப் பிய்யாது. குளிர்கிறது. மேலே போர்த்திய துணி மெல்லிசு. இந்தப் பச்சை உடுப்பு முதுகில் திறந்து கிடக்கிறது, முடிச்சு அவிழ்ந்திருக்கிறதோ என்னவோ, புரண்டு பார்க்க முடியாது, சலைன் ஊசி இருக்கிற கையை மடக்கக்கூடாதாம். மடக்காமல் ஒரு கை, மூடாமல் ஒரு முதுகு. இங்கிருந்து எழுந்து போக முடியுமா? முடியும். எழுந்து, சலைன் கம்பியைத் தள்ளிக்கொண்டு, வெளியே பெஞ்சில் இருக்கிற வீட்டுக்காரரிடம் போய் நின்று, ஏனுங்க, போலாமுங்க, எனக்கு இந்த ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்ல முடியும். அப்பா அதைத்தானே சொன்னார். வேண்டாம், அப்பாவை இப்போது நினைக்கவேண்டாம். கல் பதினாலு மில்லிமீட்டர். அதை நினைக்கலாம். ரெண்டு தடவை வலி வந்து தரையில் புரண்டதை நினைக்கலாம்.

போன வாரம் மயக்க டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள். டாக்டர் நஸ்ரின், ஒல்லியான பெண், முப்பத்தைந்து இருக்கலாம், பேசும்போது பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மூடுவார். ஆஸ்பத்திரியில் ஒரு நாலு பக்கத் தாள் கொடுத்திருந்தார்கள், மயக்க ஊசி பற்றி நோயாளிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை, அதைப் பேருந்திலேயே மூன்று தடவை படித்துவிட்டிருந்தேன். ஊசி ஏறும்போது கை எரியலாம். விழித்ததும் குளிர் நடுக்கம் வரலாம், தொண்டை கரகரக்கலாம், குமட்டலாம். ஒரு நாளைக்கு வண்டி ஓட்டக்கூடாது, எதிலும் கையெழுத்துப் போடக்கூடாது, கூட ஆள் இருக்கவேண்டும். சாப்பிடும் மாத்திரைகளை, நாட்டு மருந்து உட்பட, சொல்லிவிடுங்கள். வயிற்றில் உணவு இருந்தால் மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் போகலாம், உயிருக்கு ஆபத்து, கடைசியாக எப்போது என்ன சாப்பிட்டீர்கள் என்பதை மறைக்காதீர்கள். அந்த வரிக்கு வரும்போதெல்லாம் கண் அடுத்த வரிக்குத் தாவிவிடும். அடுத்த வரி: குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் பாதிப்பு ஏற்பட்டிருந்தால் கட்டாயம் தெரிவியுங்கள். டாக்டர் நஸ்ரினும் அதையே கேட்டார், வீட்ல ரத்த சம்பந்தம் யாருக்காவது மயக்க மருந்து குடுத்து ஏதாவது ஆயிருக்காம்மா? நான் வாயைத் திறக்கும் முன்னாடி என் பக்கத்திலிருந்த மயில்சாமி, என் வீட்டுக்காரர், ஆச்சுங்க டாக்டர் என்றார். எங்க மாமியாருக்கு ஊசி ஒத்துக்காமத்தான் போயிட்டாங்க, எண்பத்தொம்பதுல, முப்பத்தாறு வயசு, கர்ப்பப்பை எடுக்கப் போன எடத்துல. பேனா மூடி நின்றுவிட்டது. டாக்டர் என்னைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார். உடம்பு அனலாக் கொதிச்சுதாம்மா? தெரியாதுங்க. தாடை, சதையெல்லாம் இறுகிப் போச்சுன்னு யாராவது சொன்னாங்களா? தெரியாதுங்க. மூச்சு திரும்பி வரலைன்னாங்களா? தெரியாதுங்க. காகிதம் ஏதாவது? அந்த ஆஸ்பத்திரியே இப்ப இல்லைங்க, டயர் கடை இருக்குது. தெரியாது, தெரியாது என்று சொல்லச் சொல்ல அவர் முகத்தில் கவலை ஏறிக்கொண்டே போனது. கோயம்புத்தூரில் தன்னுடைய பெரிய டாக்டரிடம் போனில் பேசினார். வாயு எதுவும் கொடுக்கமாட்டாராம், முழுக்க ஊசியிலேயே ஓட்டுவாராம், தசையைத் தளர்த்துகிற ஒரு மருந்தைத் தொடவே மாட்டாராம். சில பேருக்கு இது பரம்பரையா வரும், பொண்ணு இருக்காளாம்மா? அவளும் தெரிஞ்சு வெச்சுக்கணும், நாளைக்குப் பிரசவம் அது இதுன்னு வரும்போது சொல்லணும். பிரதீபா என் பின்னால்தான் நின்றிருந்தாள். வீட்டுக்கு வந்து சோற்றைப் போட்டு உட்கார்ந்தபோது, பார்த்தேயிராத பாட்டியை நினைத்துக் கேட்டாள், எனக்கும் அம்மிச்சி மாதிரி ஆகுமாம்மா?

எனக்கும் ஆகுமாம்மா. இதையா நான் கொடுக்கவேண்டும் என் பெண்ணுக்கு. இல்லாத ஒன்றை. இல்லாத ஒன்றா? எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் காலை. பதினொன்றரை மணி. எட்டு மணிக்கு ஆபரேஷன் என்று சொல்லியிருந்தார்கள், ரத்தம் வரவில்லை என்று தள்ளிக்கொண்டே போனது, அப்பா ரத்தம் வாங்க ஈரோடு போயிருந்தார். அம்மா முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடந்தாள். ஒடிசலான உடம்பு, மாசக்கணக்கில் ரத்தம் போய்ப் போய் உதடு வெளுத்திருக்கும். கண்ணு, தலை சுத்துது, கண்ணு, ஒரு வாய் காப்பி. நர்ஸ் வேண்டாம்னு சொன்னாங்கம்மா. அவ கெடக்கறா, அவ வயிறா காயுது, ஒரு வாய் சாமி. பதினாலு வயசு எனக்கு, தாவணி போட்டு நாலு மாசம். எதிரே இருந்த கடைக்கு ஓடினேன், தூக்குப் போசியில் காப்பி, காகிதத்தில் ரெண்டு வர்க்கி. அவள் வர்க்கியைக் காப்பியில் நனைத்து நனைத்துத் தின்றதைப் பார்க்கவேண்டுமே. கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். ரெண்டாவதைப் பாதியாகப் பிட்டு, நீயும் தின்னு, நீயும் காலையிலிருந்து ஒண்ணும் திங்கல என்று என் வாயில் வைத்தாள். நெஞ்சின்மேல் விழுந்த தூளை முந்தானையால் தட்டிவிட்டாள். முகம் தெளிந்துவிட்டது. எனக்கு அவ்வளவு சந்தோஷம், நானே குணப்படுத்திவிட்டேன் என்று. பத்து நிமிஷத்தில் அப்பா ஒரு காரில் கொடுத்தனுப்பிய ரத்தம் வந்துவிட்டது, ஆள் வந்து தள்ளிக்கொண்டு போனான், கதவு மூடும்போது அவள் திரும்பிப் பார்த்து உதட்டில் விரலை வைத்துச் சிரித்தாள். சொல்லாதே. நானும் சிரித்தேன். அப்புறம் ஒரு நர்ஸ் வெளியே ஓடினாள். அப்புறம் இன்னொரு டாக்டர் வண்டியை ரோட்டிலேயே போட்டுவிட்டு உள்ளே ஓடினார். அப்புறம் ரொம்ப நேரம் யாரும் ஓடவில்லை. அப்பா வந்தபோது, மருந்து ஒத்துக்கலைங்க, ஊசி போட்டதும் மூச்சு அடைச்சிருச்சு, லட்சத்துல ஒருத்தருக்கு இப்படி ஆகும் என்றார் டாக்டர். அப்பா அவர் சட்டையைப் பிடித்தார். நான் தூக்குப் போசியைக் கழுவிக்கொண்டிருந்தேன், குழாயடியில், சத்தம் கேட்டுத் திரும்பினேன்.

அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது, இது சத்தியம். ஊசிதான் கொன்றது என்று நானும் நம்பினேன், அப்பாவோடு சேர்ந்து அந்த டாக்டரை நானும் திட்டினேன், பதிமூன்று வருஷம். கல்யாணம் ஆகி, பிரதீபா கைக்குழந்தை, அங்கன்வாடி வேலை கிடைத்துப் பயிற்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள், ஒன்றிய அலுவலக மாடியில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தோம். ஒரு சுகாதார நர்ஸ் வந்து கர்ப்பிணிகளைப் பற்றிப் பாடம் எடுத்தார். ஆபரேஷனுக்கு முன்னாடி ஏன் வெறும் வயித்தோட இருக்கச் சொல்றோம், யாருக்காவது தெரியுமா? யாருக்கும் தெரியவில்லை. அவர் கையால் தன் வயிற்றிலிருந்து தொண்டைவரை கோடு இழுத்துக் காண்பித்தார், மயக்கத்துல மேல வரும், மூச்சுக் குழாய்க்குள்ள எறங்கும், ஆளு அங்கயே அடைச்சுப் போயிருவாங்க, பாசத்துல வாங்கிக் குடுத்துருவாங்க கூட இருக்கற பொம்பளைங்க, அதுதான் நீங்க போய்ச் சொல்லணும். எல்லோரும் நோட்டில் எழுதினார்கள். நானும் எழுதினேன். மூச்சுக் குழாய் என்று எழுதினேன், இன்னும் அந்த நோட்டு இருக்கிறது, அந்த வரிக்குக் கீழே ஒன்றும் இல்லை. அப்புறம் இருபத்திரண்டு வருஷமாக வீடு வீடாகப் போய் அதைத்தான் சொல்கிறேன். டாக்டர்கிட்ட எதையும் மறைக்காதீங்க. ஒரு வாய் காப்பி குடிச்சிருந்தாலும் சொல்லிருங்க. ஊரில் என்னைப்போல இதை அழுத்திச் சொல்கிற டீச்சர் கிடையாது. ஆனால் அப்பாவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது, இத்தனை வருஷம் ஒருத்தனைத் திட்டித் திட்டியே எழுந்து நடமாடுகிற மனுஷனிடம் போய், அவன் இல்லைங்கப்பா, நான் என்று. இன்றைக்குச் சொல்லலாம், பொங்கல் கழியட்டும் சொல்லலாம், தம்பி கல்யாணம் முடியட்டும். அப்புறம் அப்பாவுக்கு அடிவயிற்றில் கட்டி மாதிரி இறங்கியது, குடலிறக்கம், சின்ன ஆபரேஷன்தான் என்றார்கள், அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். நாலு வருஷம் அதைக் கையால் அமுக்கி உள்ளே தள்ளிக்கொண்டு காட்டு வேலைக்குப் போனார். ஒரு நாள் உள்ளே போகவில்லை, முறுக்கிக்கொண்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம், இப்பவே அறுக்கணும் என்றார்கள், அப்பா கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஊசி போட்டுத்தான் அவளைக் கொன்னாங்க, என்னையும் கொல்லறதுக்கா கூட்டியாந்தீங்க? மயில்சாமி அவர் காலைப் பிடித்தார், மாமா, உங்க காலைப் புடிச்சுக் கேக்கறனுங்க மாமா, ஒத்துக்குங்க. வேண்டாம் மாப்ள. நான் கட்டிலின் அந்தப் பக்கம் நின்றிருந்தேன். ஒரு வாக்கியம். அப்பா, அம்மாளைக் கொன்னது ஊசி இல்லைங்கப்பா. நாக்கு வரைக்கும் வந்தது, அங்கேயே நின்றது. கம்பியிலிருந்து விரலை ஒவ்வொன்றாக எடுக்கப் பார்த்தேன், எடுக்க எடுக்கத் திரும்பப் பிடித்தார், அவ்வளவுதான் நான் செய்தது. மறுநாள் போய்விட்டார். ஆறு வருஷம் ஆகிறது. பதினாலு வயசுப் பெண்ணைக்கூட விட்டுவிடலாம். நாற்பத்து மூணு வயசுக்காரியை என்ன செய்வது.

கதவு திறக்கிறது, யாரையோ தள்ளிக்கொண்டு போகிறார்கள், ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்குகிறது, உயிரோடு இருக்கிற கைதான், விரல் அசைகிறது. அப்புறம் டாக்டர் நஸ்ரின். பச்சை உடுப்பு, தலையில் குல்லா, முகமூடி, கண்ணை வைத்துத்தான் அவர் என்று தெரிகிறது. பயமா இருக்காம்மா? இருக்குதுங்க. எனக்கும் கொஞ்சம் இருக்கு, இருந்தாத்தான் நல்லது என்கிறார், அட்டையைப் புரட்டுகிறார், கேட்கப் போகிறார், ஆறாவது தடவை. கடைசியா எப்பச் சாப்பிட்டீங்க? ராத்திரி எட்டு மணிக்கு. அப்புறம் ஏதாவது? நான் வாயைத் திறக்கிறேன், ஒன்றும் இல்லை என்று சொல்லத்தான் திறக்கிறேன். எங்கம்மா சாப்ட்டிருந்தாங்க என்கிறேன். என்னம்மா? எங்கம்மா. ஆபரேஷனுக்கு உள்ள போறதுக்கு முன்னாடி. காப்பி குடிச்சாங்க. பால் காப்பி. வர்க்கி ரெண்டு, இல்லை, ஒண்ணரை. டாக்டர் முகமூடியைக் கீழே இழுத்துவிடுகிறார். எவ்ளோ நேரம் முன்னாடி? கால் மணி நேரம் இருக்குங்க. யாரு குடுத்தது? நானுங்க. அப்ப உங்களுக்கு என்ன வயசு? பதினாலு. உள்ளே கிரிக்கெட் குரல் டாக்டர் ரெடிங்களா என்று கேட்கிறது, ரெண்டு நிமிஷம் என்கிறார் திரும்பாமல். இதைப் போன வாரமே சொல்லியிருக்கலாமேம்மா. அதட்டலாகச் சொல்லவில்லை, அதனால்தான் கண்ணில் நீர் வருகிறது, துடைக்க முடியாது, ஒரு கையில் ஊசி, இன்னொரு கையில் பிரஷர் பட்டை. அப்ப எம் பொண்ணுக்கு ஒண்ணும் இல்லைங்களே? அவ பயப்படவேண்டாமுங்களே? இதற்குத்தான் சொன்னேன், இந்த ஒன்றுக்காவது ஆமாம் என்று சொல்லிவிடுங்கள். அவர் பேனா மூடியைக் கழற்றுகிறார். அப்படிச் சொல்லிட முடியாதும்மா. சாப்பாடு மேல ஏறித்தான் ஆயிருக்கும்னு தோணுது. ஆனா உள்ள என்ன நடந்ததுன்னு எழுதி வெச்ச காகிதம் இல்லை. இதுவாத்தான் இருக்கும்னு நம்பி நான் அந்த மருந்தைக் குடுத்து, அது இல்லாம இருந்துட்டா? அதனால நான் போட்ட திட்டத்தை மாத்தப் போறதில்லை. பொண்ணும் சொல்லித்தான் ஆகணும், இதையும் சேத்துச் சொல்லணும். இருபத்திரண்டு வருஷம் தூக்கிக்கொண்டு திரிந்ததை இறக்கி வைத்தால் அதற்கு விலை இவ்வளவுதான், இருக்கலாம், தெரியாது. எங்கம்மாளையும் கேட்டிருப்பாங்கல்லைங்க, இந்தக் கேள்வியை? கேட்டிருக்கணும் என்கிறார். கேட்டிருந்தா இல்லைன்னுதான் சொல்லியிருப்பாங்க, என்னைத் திட்டுவாங்கன்னு. டாக்டர் என் கன்னத்தைத் தன் கையுறையின் பின்பக்கத்தால் துடைக்கிறார். நிறைய பேர் அப்படித்தாம்மா சொல்றாங்க, அதனாலதான் இத்தனை பேர் கேக்கறோம். அட்டையில் ஏதோ எழுதுகிறார், இரண்டு வரி, மூன்று வரி. அப்பாவைப் பற்றி அவர் கேட்கவில்லை. அந்த அட்டையில் அப்பாவுக்குக் கட்டம் இல்லை.

உள்ளே இன்னும் குளிர். மேஜை ஒடுக்கமாக இருக்கிறது, கையை இரண்டு பக்கமும் பலகைமேல் நீட்டி வைக்கிறார்கள், வாரால் கட்டுகிறார்கள், விழாம இருக்கத்தாங்க்கா என்கிறாள் கோகிலவாணி, அவளும் உள்ளேதான் இருக்கிறாள். உங்க பேரு? கலாமணி. என்ன ஆபரேஷன்? பித்தப்பைக் கல்லு. தெரிந்துகொண்டே கேட்கிறார்கள், நானும் சொல்கிறேன், வகுப்பில் பிள்ளைகளைக் கேட்கிற மாதிரி. நெஞ்சில் ஈரமாக ஒட்டுகிறார்கள், டிக் டிக் என்று ஒன்று ஆரம்பிக்கிறது, அது நான்தான் என்று புரிய ஒரு நிமிஷம் ஆகிறது, புரிந்ததும் அது வேகமாக ஓடுகிறது, ஓடுவது எல்லோருக்கும் கேட்கிறதே என்று வெட்கம், வெட்கப்பட்டதும் இன்னும் வேகம். மூக்கு, வாய் மேல் ஒரு கிண்ணம் வைக்கிறார்கள், வெறும் காத்துதாம்மா, நல்லா இழுத்து விடுங்க. இழுக்கிறேன். பிளாஸ்டிக் வாசனை. யாராவது ஒருத்தர் கையைப் பிடித்துக்கொண்டால் தேவலை, வாய் மூடியிருக்கிறது, கேட்க முடியாது. டாக்டர் கையில் ஊசிக்குழல், உள்ளே பால் மாதிரி வெள்ளை, இதுவா, இவ்வளவு சாதுவாகவா இருக்கும். கை எரியும், அப்புறம் சரியாயிரும், ஏதாவது நல்லதா நினைச்சுக்கங்கம்மா. நல்லதா. நல்லதா என்ன இருக்கிறது. பிள்ளைகள். இந்நேரம் பிள்ளைகளை உட்கார வைத்திருப்பாள் சரசாள், பாய் விரித்து, மித்ரன் நேற்று முட்டையின் மஞ்சள் கருவை மட்டும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போனான், தங்கச்சிக்கு என்றான், எரிகிறது, மணிக்கட்டிலிருந்து மேலே எரிகிறது, முழங்கை, எரியுதுங்க டாக்டர், யாரும் திரும்பவில்லை, சொன்னேனா சொல்லவில்லையா, நான் சரசாளிடம் சொல்ல மறந்துவிட்டேன் சாவி மாடத்தில்

கலாமணி. கலாமணியம்மா. கண்ணைத் திறங்க. முடிஞ்சிருச்சு.

என்ன முடிந்தது, இப்போதுதானே எரிந்தது. உடம்பு தூக்கிப் போடுகிறது, பல் கிடுகிடுக்கிறது, தொண்டையில் முள் வைத்துத் தேய்த்த மாதிரி. ஒண்ணேகால் மணி நேரமாச்சும்மா, எல்லாம் நல்லபடியா ஆச்சு, காய்ச்சல் இல்லை, இறுக்கம் இல்லை. ஒண்ணேகால் மணி நேரமா? கனவு இல்லை, இருட்டுக்கூட இல்லை, நடுவில் இருந்த காலத்தைக் கத்தரித்து எடுத்துவிட்டு இரண்டு முனையையும் தைத்துவிட்டார்கள். அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும், அப்படியென்றால் அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, மூச்சுமுட்டியது தெரிந்திருக்காது, கொஞ்சம் நிம்மதியாக இருக்கிறது. ஆனால் திரும்பி வந்ததால்தான் நடுவில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரிகிறது. வராதவளுக்கு? போர்வையை மேலே இழுத்து மூடுகிறாள் யாரோ, சூடாக இருக்கிறது, தூங்கிவிடுகிறேன், விழிக்கிறேன், தூங்கிவிடுகிறேன்.

வார்டில் வெயில் ஜன்னலுக்கு வந்துவிட்டது, நாலு மணி இருக்கும். பிரதீபா ஈரத் துணியால் என் உதட்டைத் துடைத்துவிடுகிறாள். வீட்டுக்காரர் கட்டிலுக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டு சலைன் சொட்டுவதை எண்ணிக்கொண்டிருக்கிறார், அவருக்குச் சும்மா நிற்கத் தெரியாது. கோகிலவாணி ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுக்கிறாள், மயக்க டாக்டர் குடுக்கச் சொன்னாங்க, பத்திரமா வெச்சிருங்க, இனிமே எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல்ல இதைக் காட்டணுமாம். என்னன்னு படி கண்ணு என்கிறார் அவர். பிரதீபா இங்கிலீஷிலிருந்து தமிழில் சொல்லிக்கொண்டே வருகிறாள், இந்தந்த மருந்து குடுத்திருக்காங்க, அம்மாவுக்கு ஒண்ணும் பண்ணலை, இந்த மருந்தைக் குடுக்கலை, கீழ குடும்ப விவரம்னு போட்டிருக்குப்பா. நான் எழ முடியாது. வயிற்றில் நாலு ஓட்டை, தொண்டையில் சத்தம் இல்லை, தாள் என் பெண் கையில், அவள் கண் கீழே கீழே இறங்குவதைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். நோயாளியோட தாயார், எண்பத்தொம்பதுல, அறுவை மேஜையில மரணம். காரணம் உறுதியா தெரியலை. மயக்கம் குடுக்கறதுக்குக் கால் மணி நேரம் முன்னாடி உணவு... பிரதீபா நிறுத்திவிட்டு மறுபடியும் அந்த வரியின் தொடக்கத்துக்குப் போகிறாள். அம்மிச்சி சாப்ட்டிருந்தாங்கன்னு எழுதியிருக்குப்பா. காப்பி, வர்க்கின்னு கூடப் போட்டிருக்கு.

வேற யாருதோ மாத்திக் குடுத்துட்டாங்க என்கிறார் அவர் உடனே. மாமியாருக்கு ஊசிதான் ஒத்துக்கல, ஊருக்கே தெரியும். எந்திரி கண்ணு, டாக்டரம்மா போறதுக்குள்ள போய்த் திருத்தி வாங்கிட்டு வந்துரு, இல்லீன்னா நாளைக்கு உனக்குத்தான் ஆபத்து. பிரதீபா எழுந்துவிட்டாள், தாளை மடிக்கிறாள், செருப்பைத் தேடுகிறாள். கூப்பிடுகிறேன், காற்றுதான் வருகிறது. ஊசி இருக்கிற கையை மடக்கக்கூடாது, மடக்கி அவள் துப்பட்டாவின் நுனியைப் பிடித்துவிடுகிறேன், சலைன் குழாயில் ரத்தம் சிவப்பாக ஏறுகிறது, அம்மா என்ன பண்றே என்று அவள் குனிகிறாள். அவள் காதுக்குத்தான் சொல்கிறேன், அவருக்கும் கேட்கிறது. எழுதினது சரிதான். நாஞ்சொல்லித்தான் எழுதினாங்க. வாங்கிக் குடுத்தது நான்.

பிரதீபா என்னைப் பார்க்கிறாள், பார்த்துவிட்டு மறுபடியும் தாளைப் பார்க்கிறாள், பயமா நிம்மதியா, எதுவென்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. என் கையை மெதுவாக நீட்டி வைக்கிறாள். அவர் சலைனை விட்டுவிட்டார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், கணக்குப் போடுகிற முகம், அது எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும், அதற்கு முன்னாடி தூக்கம் வந்துவிடாதா என்று கண்ணை மூடுகிறேன், வரவில்லை. நடையில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போகிறார்கள், ஒரு சக்கரம் கிறீச்சிடுகிறது, அது மூலை திரும்பி மறைகிறது.

"மாமனுக்கு இது தெரியுமா?" என்றார். குரல் ரொம்பத் தணிந்திருந்தது. "கம்பியைப் புடிச்சுட்டுக் கெடந்தாரே, அப்பவாச்சும் தெரியுமா?"

தெரியாதுங்க என்றேன்.